புகைக் குழாயும் தொட்டில் சேலையும்

மேகமலை
14.11.1999

ஏ சங்கிலி, எப்படி இருக்க? ஒங்காத்தா வீட்டுச் சோறு ஒடம்புல ஒட்டுதா? பய ஆதித்தன் என்ன பண்றான்? பல்லு மொளச்சிருக்குன்னு ஜெபராஜ் சொன்னான். மேல்பல்லா கீழ்பல்லான்னு கேட்டேன், முழிக்கிறான். ஜீப்பு டயருல எங்கன ஆணி குத்தியிருக்குன்னு கேட்டா கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவான், புள்ள வாயப் பாக்கத் தெரியல. இந்தக் கடுதாசியக் கொண்டாறதும் அவன்தான். வழியில பிரிச்சுப் படிப்பான். படிக்கட்டும், அவனப் பத்தி எழுதுனது அவனுக்கும் தெரியட்டும்.

நீ ஐப்பசி மழையோட எறங்கிப் போனவ. "வீட்டச் சூடாக்கிட்டுக் கூப்பிடுங்க, அதுவரைக்கும் எம்புள்ள மலை ஏறமாட்டான்"னு சொல்லிட்டு ஜீப்புல ஏறி உக்காந்த. நான் மொகத்தத் திருப்பிக் குனிஞ்சுக்கிட்டேன். கோவம்னு நெனச்சிருப்ப. கோவமில்ல, நாய் ஜீப்புக்கு அடியில படுத்திருந்துச்சு, அத இழுக்கணுமேன்னு நெனப்பு ஓடிக்கிட்டு இருந்துச்சு. பதில் இப்பச் சொல்றேன்.

வீட்டச் சூடாக்குறதுன்னா வெறகு வேணும். இங்கன சுத்தி மரமாத்தான் நிக்கிது, ஆனா காட்டுக்குள்ள போயி ஒரு காஞ்ச கெளையத் தொட்டா பாரஸ்ட்காரக கேசு போடுறாக. ஸ்டோருல ஏலக்காய் காயவைக்க வேண்டிய வெறக முதலாளி கீழ இருந்து லாரியில ஏத்தி விடுறாக. கருவேலங்கட்ட. மலைக்கு வெறகு சின்னமனூர்ல இருந்து வருது, இத எங்கன போயிச் சொல்ல? லாரி வாடக வெறகு வெலையத் தாண்டிருச்சாம். அதுல நம்ம வீட்டுக்கு வாரத்துக்கு ஒரு கட்டு. சோறாக்குனா குளிர் காய இல்ல, குளிர் காஞ்சா சோறு இல்ல.

சரி, கரியில பொக இல்லையேன்னு ஒரு மூட கரி வாங்குனேன். மண்சட்டியில போட்டு நடுவீட்டுல வச்சுக் கதவு சன்னல் எல்லாம் சாத்துனேன். நல்ல சூடு. கொஞ்ச நேரத்துல நாய் கதவப் பெறாண்டுது. எந்திரிக்கிறேன், காலு என் காலு மாதிரியே இல்ல, மண்டைக்குள்ள எவனோ செண்ட அடிக்கிறான். தவந்து போயிக் கதவத் தெறந்து வெளிய விழுந்தேன். அன்னைல இருந்து நாய்க்குத் தெனம் கருவாடு. மிச்சக் கரிய டீக்கட மலையாளிக்குக் குடுத்துட்டேன். அவன் கதவு இல்லாத கடையில இருக்கான், அவனுக்கு ஒண்ணும் ஆகாது.

இப்ப ஒரு யோசன வச்சிருக்கேன். நம்ம வீட்டுக்கும் ஸ்டோருக்கும் நடுவுல ஒத்தச் செவருதான். அடுப்பு வெளிய எரியிது, அங்க இருந்து பெரிய தகரக் குழாய் ஸ்டோர் தரையில ஓடுது, குழாய் சூட்டுல மேல தட்டுல பரப்புன காய் காயிது. செவத்துக்கு அந்தப் பக்கம் கம்பத்துச் சித்திர வெயிலு, இந்தப் பக்கம் நான் சாக்கப் போத்திக்கிட்டு உக்காந்திருக்கேன். செவத்துல மூணு கல்ல உருவுனா என்ன? முதலாளிக்குத் தெரியவா போகுது?

வீரணன்

சின்னமனூர்
20.11.1999

மாமாவுக்கு,

கடிதம் வந்தது. ஜெபராஜ் படித்துவிட்டுத்தான் கொடுத்தான். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

கீழ்ப்பல். இரண்டு. என் தோளைக் கடிக்கிறான்.

கரிச்சட்டியைப் பற்றி வேடிக்கையாக எழுதியிருக்கிறீர்கள். அம்மாவிடம் படித்துக் காட்டும்போது அந்த இடத்தைத் தாண்டிவிட்டேன். நாய் இல்லையென்றால் ஜெபராஜ் கடிதமா கொண்டுவந்திருப்பான்?

போன தையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பிறந்து ஒன்றரை மாதக் குழந்தை. உதடு நீலமாகப் போய்விட்டது. ஏலக்காய்ச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு இறங்கினேன். ஒவ்வொரு வளைவிலும் மூக்கில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். நீங்கள் முன் சீட்டில் இருந்தீர்கள், திரும்பவே இல்லை. பயத்தில்தான் என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னதும் ஞாபகம் இருக்கும். "இவனுக்குக் குளிரும் ஆகாது, புகையும் ஆகாது. எது பட்டாலும் மறுபடி நெஞ்சு கட்டிக்கும்." அந்த வீட்டில் இருப்பது அந்த இரண்டும்தான்.

தம்பி பொன்னுராஜ் வேலை பார்க்கும் வெல்ல ஆலையில் அடுப்புக்குக் கரும்புச் சக்கை தள்ள ஆள் தேடுகிறார்கள். "மச்சான அங்கன வெறச்சுக் கெடக்க வேணாம்னு எழுது. இங்கன அடுப்பு வாயிலேயே நிக்கலாம், குளிர்னா என்னன்னு மறந்துபோகும்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நீங்கள் சிரிக்க மாட்டீர்கள்.

சுவர் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. நான் ஸ்டோர் கதவைக் கொஞ்சம் திறந்தாலே திட்டுவீர்கள். சூடு இறங்கினால் காய் வெளுத்துப்போகும் என்பீர்கள். இப்போது சுவரையே திறப்பீர்களா?

சங்கிலியம்மாள்

மேகமலை
29.11.1999

ஏ சங்கிலி, சொகமா? ஒந்தம்பிகிட்டச் சொல்லு, நான் இங்கன நெருப்புக்கு மேஸ்திரி. எத்தன கட்ட போடணும், எப்ப அணைக்கணும்னு நான் சொல்றதுதான். அங்கன வந்து அவன் சொல்லச் சொல்லச் சக்க தள்ளவா? அவன் கலியாணத்துக்கு நான் போட்ட மோதரம் அவன் வெரல்லதான கெடக்குது? அந்த மோதரம் எடுக்கப் போனப்ப நடந்தது ஒனக்குத் தெரியாது. நகக்கட வாசல்ல என் செருப்பக் காணாம். கடக்காரரு பெரிய மனுசன், தன் செருப்பக் குடுத்தாரு. அது ஒரு காலு பெருசு ஒரு காலு சிறுசு. அவரு காலே அப்படித்தான் போலருக்கு. அத விடு.

மூணு கல்ல உருவிட்டேன். கத்தி வச்ச மாதிரி சதுரம். மூடித் தெறக்க ஒரு பலகையும் அடிச்சாச்சு. அன்னைக்கு நான் கம்பளி இல்லாம தூங்குனேன். நாய் மல்லாந்து படுத்து நாலு காலையும் விரிச்சுக்கிருச்சு, அந்த நாய் மல்லாந்து நான் பாத்ததே இல்ல. வீடு பூரா ஏலக்காய் மணம். பாயசத்துக்குள்ள படுத்துக் கெடக்குற மாதிரி இருக்கு. செலவு ஒரு காசு இல்ல.

கெளம்பி வா. வர்றப்ப ஒங்காத்தாகிட்ட ரெண்டு படி மொச்சப் பயிறு வாங்கிட்டு வா.

வீரணன்

சின்னமனூர்
8.12.1999

மாமாவுக்கு,

மொச்சை வாங்கி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். ஜெபராஜ் வந்து வாசலிலேயே நின்றான். உள்ளே வரவில்லை. "அக்கா, சரக்கு போடி ஏலத்துல நிக்கல. காய் வெளுத்துப்போச்சுன்னு ஒதுக்கி வச்சுட்டாக. முதலாளி கம்பத்துல இருந்து மேல ஏறிட்டாக" என்று மட்டும் சொன்னான்.

நீங்கள் எழுதவில்லை. அவன் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பொன்னுராஜ் கேட்டுக்கொண்டு நின்றான். இந்தத் தடவை சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது.

வேலை இருக்கிறதா, இல்லையா? அதை மட்டும் எழுதுங்கள். நகைக்கடைக்காரர் கால் கதையெல்லாம் வேண்டாம்.

சங்கிலியம்மாள்

மேகமலை
12.12.1999

சங்கிலி, வேல இருக்கு.

அத மட்டும் எழுதச் சொன்ன, எழுதிட்டேன். மிச்சத்தையும் சொல்லாட்டி எனக்குச் சோறு எறங்காது.

ரசூல் முதலாளி வந்தாக. காயை அள்ளி உள்ளங்கையில வச்சுப் பாத்தாக. "ஏலே வீரணா, ஏலக்காய்க்கு எப்பலே வெள்ளையடிச்ச?"ன்னு கேட்டாக. நான் தட்டு சரியில்ல, வெறகு ஈரம்னு என்னமோ ஒளறுனேன். நேரா வீட்டுக்குள்ள வந்துட்டாக. நாய் அந்தப் பலகைக்கு நேரா மல்லாந்து கெடக்குது. அது ஒண்ணு போதாதா? பலகையத் தள்ளிட்டுத் துவாரத்துக்குள்ள கைய விட்டாக. முழங்கை வரைக்கும் விட்டு அப்படியே நின்னாக. திட்டுவாகன்னு பாத்துக்கிட்டே இருக்கேன்.

"பய எங்க?"ன்னாக.

"அவ ஆத்தா வீட்டுல, கீழ."

"இதுக்காகவா?"

ஆமான்னேன்.

அப்புறம் கைய எடுத்துட்டு, "செவத்த இன்னைக்கே அடை. பச்ச போன காயோட நட்டத்த ஒன் வெறகுக் கணக்குலதான் கழிக்கணும். இந்த வருசம் ஒன் வீட்டுக்கு வெறகு கெடையாது. சமைக்க மட்டும் தெனம் ரெண்டு கட்ட எடுத்துக்க"ன்னு சொல்லிட்டு ஜீப்புல ஏறிட்டாக.

செவத்த அடைச்சாச்சு. மண்ணு இன்னும் ஈரமா இருக்கு, அதுல இருந்து வேற குளிர் வருது. முன்ன இருந்த ஒரு கட்டும் இப்ப இல்ல. இனி நான் என்னத்தச் சொல்லி ஒன்னக் கூப்பிடுறது? நீ அங்கனயே இரு. பொங்கலுக்கு முடிஞ்சா நான் எறங்கி வந்து பயலப் பாத்துட்டுப் போறேன்.

வீரணன்

சின்னமனூர்
17.12.1999

மாமாவுக்கு,

ஒரு கதையும் இல்லாமல் நீங்கள் கடிதத்தை முடித்து நான் பார்த்ததே இல்லை. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

நேற்று பொன்னுராஜுக்குச் சோறு கொண்டுபோனேன். பையனும் இடுப்பில் இருந்தான். ஆலையில் அடுப்புக்கு எதிர்ப்பக்கம் புகைபோக்கி நிற்கிறது. அங்கே வேலை செய்கிற பெண்கள் ஈரத்துணியை எல்லாம் அதன்மேல்தான் போட்டிருந்தார்கள். ஒரு கிழவர் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். நான் தொட்டுப் பார்த்தேன். அடுப்பில் வெல்லம் காய்ச்சி முடித்து, வேண்டாம் என்று போகிற புகைதான். அது போகிற வழியிலேயே அவ்வளவு சூடு.

உங்கள் ஸ்டோர் குழாய் காயை எல்லாம் காயவைத்து முடித்த பிறகு எங்கே போகிறது? நம் வீட்டுக் கூரைக்குப் பக்கத்தில்தானே மேலே ஏறுகிறது? அது போகிற வழியில் நம் வீட்டுக்குள் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போனால் காய்க்கு என்ன நஷ்டம்? ஏலக்காய் அறையில் கை வைக்காதீர்கள். அது வேண்டாம் என்று விட்டதை எடுங்கள்.

இரண்டு விஷயம். இந்தத் தடவை முதலாளியிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இன்னொன்று, குழாய் மூட்டில் ஒரு நூல் புகை கசிந்தாலும் பையனுக்கு ஆகாது. உங்கள் மூக்கை நான் நம்பமாட்டேன், அது அடுப்படியிலேயே இருந்த மூக்கு. பையனின் தொட்டில் சேலை, என் பச்சைச் சேலை, பரணில் இருக்கிறது. துவைத்தது. அடுப்பு எரிந்து குழாய் சூடாகிற அன்று அதை நடுவீட்டில் விட்டத்தில் கட்டி, விடிந்ததும் எடுத்து ஜெபராஜிடம் கொடுத்துவிடுங்கள். நான் மோந்து பார்த்துச் சொல்கிறேன்.

சங்கிலியம்மாள்

மேகமலை
27.12.1999

ஏ சங்கிலி, நல்லா இருக்கியா? பொன்னுராசு நல்லா இருக்கானா? அவன் ஆலை புகைபோக்கி நல்லா இருக்கா? அந்தக் கெழவர் முதுகு நல்லா இருக்கா?

முதலாளிக்கு டீக்கட போன்ல பேசுனேன். பூராத்தையும் சொன்னேன். அப்புறம், "பொகைய நீ எங்குட்டு வேணாலும் கூட்டிட்டுப் போ, அது என் சரக்கு இல்ல. காய் பச்ச மாறுனா மட்டும் மேல வருவேன்"னாக. "யாரு யோசனலே இது?"ன்னாக. வீட்டுலன்னேன். "அதான பாத்தேன்"னாக.

பழைய தகரக் குழாய் ஸ்டோருக்குப் பின்னாடி கெடந்துச்சு. செவத்தோரமா ஓட்டி, பரணுக்குக் கீழ வளைச்சு, கூரையில ஏத்தி விட்டேன். மொத நாளு பொக வெளிய போகமாட்டேன்னு திரும்பி அடுப்பு வாயிலேயே வந்து நின்னுச்சு. ஸ்டோருல காய் வேற கெடக்கு, விழுந்தடிச்சுக் கூரையில ஏறுனேன். கூரைக்கு மேல இன்னொரு ஆள் ஒசரத்துக்குக் குழாய நிமுத்தவும் குபுகுபுன்னு இழுத்துக்கிருச்சு. மூட்டுக்குப் புத்துமண்ணு பூசியிருக்கேன். காய் பச்ச மாறல, கிளி மாதிரி இருக்கு.

சேலையக் குடுத்து விட்டிருக்கேன். ஜெபராஜ் கிறிஸ்மசு லீவு முடிஞ்சு வந்தவன், வாயெல்லாம் கேக்கு வாசம். சேலைய அவன் மடியில வைக்கவிடாம சாக்குல கட்டிக் குடுத்தேன்.

வீரணன்

சின்னமனூர்
29.12.1999

மாமாவுக்கு,

புகை வாசம் வருகிறது. முந்தானைப் பக்கம். வளைவுக்குக் கீழே இருக்கும் மூட்டைப் பாருங்கள்.

சேலையைச் சோப்புப் போடாமல் வெறும் தண்ணீரில் அலசிக் காயவைத்து அனுப்பியிருக்கிறேன்.

சங்கிலியம்மாள்

மேகமலை
2.1.2000

ஏ சங்கிலி, நீ மோந்த மூக்குக்கு ஒரு கும்பிடு. வளைவுக்குக் கீழ மயிர் கணக்கா ஒரு வெடிப்பு. சூட்டுல மண்ணு காஞ்சு வெடிச்சிருக்கு. மறுபடி பூசிட்டேன், இன்னும் கெட்டியா. சேலைய மறுபடி அனுப்புறேன். இந்தத் தடவ ஒண்ணும் இருக்காது.

வருசம் ரெண்டாயிரம் பொறந்துருச்சாமே. டீக்கடையில எல்லாரும் உலகம் முடியப்போகுதுன்னு பேசிக்கிட்டு இருந்தாக. நான் மண்ணு பெசஞ்சுக்கிட்டு இருந்தேன்.

வீரணன்

சின்னமனூர்
5.1.2000

மாமாவுக்கு,

சோப்பு வாசம் வருகிறது.

எந்த வீட்டில் துணி சும்மா தொங்கி சோப்பு வாசம் வரும்? புகை பட்டது தெரிந்து துவைத்துத்தானே அனுப்பினீர்கள்? என்னை ஏமாற்றலாம், மாமா. பையனின் நெஞ்சை ஏமாற்ற முடியாது. அது சோப்புக்குப் பயப்படாது.

எனக்கும் இங்கே இருக்க ஆசை இல்லை. இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தம்பி பெண்டாட்டி அரிசி அளக்கும்போது என்னைப் பார்த்துவிட்டு அளக்கிறாள். பொங்கல் தாண்டியும் நான் இங்கே இருந்தால் ஊரில் வேறு மாதிரி கேட்பார்கள்.

பொன்னுராஜிடம் குழாய் மூட்டைப் பற்றிச் சொன்னேன். "வெறும் புத்துமண்ணு நிக்காது. ஆலையில நாங்க மண்ணோட சுண்ணாம்பும் பாகு அழுக்கும் சேத்துப் பெசஞ்சு பூசுவோம். மச்சான் கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன். கேக்க மாட்டாரே" என்றான். ஒரு தூக்குவாளி நிறைய அவனே பிசைந்து கொடுத்திருக்கிறான். ஜெபராஜிடம் இருக்கிறது. எறும்பு ஏறாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

சேலையையும் அனுப்புகிறேன். இது கடைசித் தடவை. நேர்மையாகக் கட்டுங்கள்.

சங்கிலியம்மாள்

மேகமலை
9.1.2000

சங்கிலி, தொவைச்சது நெசம். மோந்து பாத்தேன், லேசா வந்துச்சு. தொவைச்சேன். நீ வந்து சேந்தப்புறம் சரிபண்ணிக்கலாம்னு ஒரு நெனப்பு. இனி அப்படி இல்ல.

மச்சான் குடுத்ததப் பூசியாச்சு. இரும்பாட்டம் நிக்கிது. அவன்கிட்டச் சொல்லு. இல்ல, நானே சொல்லிக்கிறேன்.

சேல உள்ளது உள்ளபடி வருது. சூடா இருந்த குழாய்க்கு நேரா கட்டுனேன். நான் மோந்து பாக்கல. நீயே பாத்துக்க.

வீரணன்

மேகமலை
18.1.2000

ஏ சங்கிலி, நல்லா இருக்கியா? பொங்கல் எப்படிப் போச்சு? கரும்பு தின்னியா? பயலுக்குக் கரும்புச் சாறு குடுத்துராத, சளி பிடிக்கும். நீ குடுக்க மாட்ட, தெரியும், இருந்தாலும் சொல்றேன்.

ஒன் கடுதாசியும் வரல, சேலையும் திரும்பி வரல. பொங்கலுக்கு ஜீப்பு ஓடல, அதான்னு மனசத் தேத்திக்கிறேன். நானே எறங்கி வருவேன்னு சொன்னேன்ல, முடியல. பொங்கலுக்கு முந்துன வாரம் பறிச்ச காய் பூராம் ஸ்டோருல கெடந்துச்சு, நெருப்ப விட்டுட்டு எப்படி வர்றது? மாசி வரைக்கும் பறிப்பு இருக்கு, அதுவரைக்கும் அடுப்பு அணையாது. மாசி பொறந்தா குளிரும் எறங்கிரும். அதனால இந்த வருசத்துக்கு நமக்கு வெறகுச் செலவே இல்ல, பாத்துக்க.

வாசம் வந்துச்சா வரலையான்னு ஒரு வார்த்த எழுது. வந்துச்சுன்னா வந்துச்சுன்னே எழுது. நான் மனச உட்டுற மாட்டேன். குழாயப் பிரிச்சு மறுபடி பூட்டுவேன். அதுவும் ஆகாட்டி மச்சான்கிட்டச் சொல்லி வையி, சக்க தள்ளுற வேலைக்கு ஆள் போட்டுட்டானான்னு. அடுத்த மழைக்கு நான் எறங்கிர்றேன். முதலாளிகிட்டச் சொல்லிக்கலாம். இத எழுத எனக்கு ரெண்டு நாளாச்சு.

நேத்து இங்கன ஒரு கூத்து. காட்டுமாடு ஒண்ணு ராத்திரி வந்து நம்ம வீட்டுச் செவத்துல ஒடம்பச் சாச்சுக்கிட்டு நின்னுருக்கு. காலையில பாத்தா சாணி, ஒரசுன மயிரு. குழாய் போற பக்கம் மட்டும்தான் நின்னுருக்கு. அதுக்கும் எங்கன சூடுன்னு தெரிஞ்சுபோச்சு. இனி அது கீழ எறங்கிப் போயி மத்த மாட்டுக்கெல்லாம் சொல்லி, நாளைக்கு ஒரு மந்தையே

ஜீப்பு ஆரன் கேக்குது. இன்னைக்கு ஜீப்பு வர்ற நாளு இல்லையே. ஒரு நிமிசம். கதவத் தெறந்து பாத்தேன், பனியில ஒண்ணும் தெரியல. நாய் வால ஆட்டிக்கிட்டு ஓடுது. சரி, அரிசி கொண்டாந்திருப்பான். நான் விட்ட எடத்துல இருந்து சொல்றேன். அந்தக் காட்டுமாடு என்ன பண்ணுச்சுன்னா, நம்ம குழாயோட ரெண்டாவது வளைவுக்கு நேரா வந்து, "மாமா, கதவத் தெறந்து போட்டுட்டு அங்கன என்ன எழுதிக்கிட்டு இருக்கீக, சூடு பூராம் வெளிய போகுது"ன்னு ஒரு கொரலு, இது